நூலக அக்கா பதில்கள்: சந்தனம் பூசாத மொட்டை

போன இதழில் பிள்ளைகள் படிக்கும் சோகக் கதைகளைப் பற்றி நாலே நாலு வரி எழுதினேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. வடசென்னையில் ஒரு பள்ளி நூலகத்தில் 31 வருடம் புத்தகம் கொடுத்து வாங்கியவள் நான். எந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கம் கண்ணீரில் உப்பியிருக்கும் என்று தடவிப் பார்த்தே சொல்வேன். (தண்ணி பாட்டில் கவிழ்ந்து உப்பியதும் உண்டு. எல்லாவற்றையும் கண்ணீர்க் கணக்கில் எழுதக் கூடாது.)

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள் கையில் எடுப்பதெல்லாம் சாவு, ரகசியம், பொய் என்று ஒரே இருட்டுக் கதைகள். போன வாரம் ராத்திரி பதினொரு மணிக்குத் தேம்பித் தேம்பி அழுகிறாள். கேட்டால் "கதைம்மா" என்கிறாள். பிடுங்கி வைத்துவிடலாமா?
*ஒரு அம்மா, கொளத்தூர்*

பிடுங்காதீர்கள். பிடுங்கினால் போனில் படிப்பாள். அப்புறம் என்ன படிக்கிறாள் என்பதே உங்களுக்குத் தெரியாமல் போகும்.

ஆங்கிலத்தில் 'யங் அடல்ட்' என்று ஒரு வகை. 12 வயதிலிருந்து 18 வயது வரை உள்ளவர்களை மனதில் வைத்து எழுதுவது. நம் ஊரில் 'இளையோர் நாவல்' என்று சொல்ல ஆரம்பித்திருக்கிறோம். அதில் ஏன் இத்தனை சாவு என்று கேட்டால், அந்த வயதில்தான் பெரும்பாலும் முதல் சாவு வீட்டுக்குள் வருகிறது. ஒரு சாவு வீட்டைக் கவனித்துப் பாருங்கள். பதினாலு வயசுப் பிள்ளையை "நீ சின்னப் பொண்ணு, உள்ளே போ" என்பார்கள். பத்து நிமிஷம் கழித்து அதே பிள்ளையை "இவ்வளவு பெரிய பொண்ணா நிக்கிறியே, எல்லாருக்கும் காபி குடு" என்பார்கள். அழுகிற பெண்கள் கூட்டத்தில் அவளுக்கு இடமில்லை, வாசலில் பெஞ்சு போட்டு உட்காரும் ஆண்கள் பக்கமும் இல்லை. காபி டம்ளரோடு நடையில் நிற்பாள். அந்த நடைதான் இந்த நாவல்களின் இடம்.

உங்கள் மகள் எதைப் படித்து அழுதாள் என்று நீங்கள் எழுதவில்லை. 'எ மான்ஸ்டர் கால்ஸ்' என்ற நாவலாக இருந்தால் எனக்கு ஆச்சரியமில்லை. ஷிவோன் டவுட் என்ற எழுத்தாளர் அதன் கருவை யோசித்து வைத்துவிட்டு, எழுதி முடிக்கும் முன்பே 2007-ல் புற்றுநோயில் இறந்துபோனார். அந்தக் கருவை வாங்கி பேட்ரிக் நெஸ் எழுதினார், ஜிம் கே படம் வரைந்தார். 2011-ல் வந்தது. பிரிட்டனில் பிள்ளைகள் புத்தகங்களுக்குக் கொடுக்கும் பதக்கங்களில் எழுத்துக்கு கார்னகி, படத்துக்கு கிரீனவே என்று 2012-ல் இரண்டையும் வாங்கியது. அம்மா புற்றுநோயில் கிடக்கிறாள். பதின்மூன்று வயதுப் பையன் ஒரு உண்மையை நெஞ்சுக்குள் பூட்டி வைத்திருக்கிறான். அது என்ன என்று இங்கே உடைக்க மாட்டேன்.

அவள் முடித்ததும் நீங்களும் எடுத்துப் படியுங்கள். இங்கிலீஷ் தடுக்கினால் அவளையே கதை சொல்லச் சொல்லுங்கள். "ஏன் அழுதே" என்று கேட்காதீர்கள், அது விசாரணை. "யாரு செத்தாங்க" என்று கேளுங்கள். மணிக்கணக்கில் சொல்வாள்.

இக்கதைகளில் பிள்ளைகள் பெற்றோரிடம் சரமாரியாகப் பொய் சொல்கின்றனர். படிக்கும் பிள்ளைகளும் கற்றுக்கொள்ள மாட்டார்களா? நன்மைக்காகச் சொல்லும் பொய் வேறு. அதை வள்ளுவரே (குறள் 292) ஒப்புகிறார்.
*ஓய்வுபெற்ற ஆசிரியர், நங்கநல்லூர்*

பொய் கற்க நாவல் வரைக்கும் போக வேண்டியதில்லை ஐயா. தவணைக்காரர் வந்து நிற்கும்போது "அப்பா வீட்ல இல்லைன்னு சொல்லு" என்று பிள்ளையை வாசலுக்கு அனுப்புகிறோமே, முதல் பாடம் அங்கே முடிந்துவிட்டது. 292 நல்ல குறள்தான். 293-ல் 'தன்நெஞ் சறிவது பொய்யற்க' என்கிறார். இரண்டையும் அடுத்தடுத்து வைத்தவர் அவர். நாம்தான் வசதியானதை மட்டும் கிழித்து எடுத்துக்கொள்கிறோம்.

எனக்கு 19 வயது. தமிழில் ஓர் இளையோர் நாவல் எழுதுகிறேன். அண்ணன் பைக் விபத்தில் இறக்கிறான். அன்று "வந்து கூட்டிட்டுப் போ" என்று அவனை போன் போட்டு வரவழைத்தது தம்பி. வீட்டில் யாருக்கும் தெரியாது. தம்பிதான் கதை சொல்கிறான். இந்த ரகசியத்தைக் கடைசி அத்தியாயம் வரை மறைக்கலாமா?
*கல்லூரி மாணவர், அம்பத்தூர்*

யாரிடம் மறைக்கிறாய் தம்பி? அவனுடைய அம்மாவிடமா, என்னிடமா?

'நான்' என்று சொல்லிக்கொண்டு 200 பக்கம் என் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறான். சாப்பிட்டதைச் சொல்கிறான், கனவைச் சொல்கிறான். ராத்திரி பகலாக மண்டையில் ஓடுகிற அந்த ஒரு போனை மட்டும் சொல்லாமல் கடைசிப் பக்கத்தில் எடுத்து நீட்டினால் எனக்குக் கோபம்தான் வரும். பத்தாவது பக்கத்திலேயே என்னிடம் சொல்லிவிடு, வீட்டில் மட்டும் மறைக்கவிடு. அப்புறம் பார். அம்மா சோறு போட்டுக்கொண்டே "அன்னிக்கு ஏண்டா அவன் அந்தப் பக்கம் போனான்?" என்பாள். இவன் "தெரியலம்மா, ரசம் ஊத்து" என்பான். அந்த ரசத்தை என்னால் குடிக்க முடியாது.

இல்லை, மறைத்தே தீருவேன் என்றால் தடயத்தைக் கண் முன்னால் போடு. எப்போதும் பாடி வழியாகப் பஸ்ஸில் அண்ணா நகர் போகிறவன், இப்போது அம்பத்தூரில் ரயிலேறி வில்லிவாக்கத்தில் இறங்கி நடக்கிறான் என்று எழுது. காரணம் எழுதாதே. விபத்து எங்கே நடந்தது என்பதை நாற்பது பக்கம் கழித்து வேறு யாராவது போகிற போக்கில் சொல்லட்டும்.

இன்னொன்று, நீ அனுப்பிய மூன்று பக்கத்தில் 'கண்ணீர்' பதினோரு தடவை வருகிறது. எண்ணினேன். புறநானூற்றில் 112-ஆம் பாட்டை எடுத்துப் பார். அப்பா பாரியை இழந்த பெண்கள் இரண்டு பேர் பாடியது. மொத்தம் ஐந்து வரி. அதில் அழுகை என்ற பேச்சே கிடையாது. போன மாத நிலவில் 'எந்தையும் உடையேம், எம் குன்றும் பிறர் கொளார்'. அப்பா முதலில், மலை அப்புறம். இந்த மாத நிலவில் 'குன்றும் கொண்டார், யாம் எந்தையும் இலமே'. மலை முதலில் போகிறது, அப்பா கடைசிச் சொல்லுக்கு வந்துவிடுகிறார். வரிசையை மாற்றி வைத்ததுதான் அங்கே அழுகை.

வயதைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறாய். எஸ். இ. ஹின்டன் என்ற அமெரிக்க எழுத்தாளர் 'தி அவுட்சைடர்ஸ்' என்ற இளையோர் நாவலை எழுத ஆரம்பித்தது 15 வயதில். 1967-ல் அது வெளிவந்தபோது அவருக்கு 18. நீ ஒரு வருஷம் லேட். பரவாயில்லை.

தமிழில் இளையோர் நாவல் இருக்கிறதா? எங்கே கிடைக்கும்?
*வாசகி, திருவான்மியூர்*

இருக்கிறது, வளர்ந்துகொண்டும் இருக்கிறது. உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' கீழடியை வைத்து எழுதிய இளையோர் நாவல். 2023-ல் சாகித்ய அகாடமியின் பால சாகித்ய புரஸ்கார் வாங்கியது. ஆனால் வீட்டுச் சாவை, வீட்டுப் பொய்யை நேராகப் பேசுகிறவை குறைவு என்பது என் குறை. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சிறுவர் பகுதிக்குப் போங்கள், நடுவில் பெரிய செயற்கை மரம் நிற்கும். அங்கேயே கேளுங்கள். ஜனவரியில் நந்தனம் புத்தகக் காட்சி இருக்கவே இருக்கிறது. கால் வலிக்காத செருப்பாகப் போட்டுக்கொண்டு போங்கள்.

அக்கா, போன மாசம் எங்க ஆயா இறந்துட்டாங்க. எனக்குத் திருப்புதல் தேர்வு நடந்ததால என்னைப் பெரியம்மா வீட்டுல விட்டுட்டு, நாலு நாள் கழிச்சுத்தான் சொன்னாங்க. ஆயா முகத்தைப் பார்க்கவே இல்லை. வீட்டுல யார்கிட்டயும் பேசப் பிடிக்கலை. இன்னொன்னும் இருக்கு, யார்கிட்டயும் சொன்னதில்லை. ஆயா ஆறு மாசம் படுக்கையில இருந்தாங்க. நானும் அவங்களும் ஒரே ரூம். ராத்திரியெல்லாம் முனகுவாங்க. ஒரு நாள் "இது எப்போதான் முடியும்"னு நினைச்சேன். அப்படி நினைச்சதாலதான் போயிட்டாங்களா?
*பத்தாம் வகுப்பு மாணவி, வியாசர்பாடி*

இல்லைம்மா. நினைப்புக்கு அந்த சக்தி கிடையாது. இருந்திருந்தால் எத்தனையோ கணக்கு வாத்தியார்கள் உயிரோடு இருந்திருக்க மாட்டார்கள். ஆறு மாசம் ஒருத்தர் முனகுவதைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்த யாருக்கும் அப்படித் தோன்றும். உன் அம்மாவுக்கும் தோன்றியிருக்கும். ஆயா செத்துப்போக வேண்டும் என்று நீ நினைக்கவில்லை, அந்த வலி முடிய வேண்டும் என்று நினைத்தாய். மேலே 'எ மான்ஸ்டர் கால்ஸ்' பையனின் ரகசியத்தைச் சொல்ல மாட்டேன் என்றேன் இல்லையா? நீயே சொல்லிவிட்டாய். அவனுடையதும் இதுதான்.

அந்த நாலு நாளைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். 1981 மார்ச், எனக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு. அப்பாவுக்கு நெஞ்சு வலி, ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். கணக்குப் பரீட்சைக்கு முதல் நாள் என்னைப் பெரம்பூரில் சித்தப்பா வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுநாள் காலையில் சித்தி வாசலில் கோலம் போடவில்லை. பக்கத்து வீட்டுக்காரம்மா கேட்டதற்கு "மாவு தீர்ந்துபோச்சுக்கா" என்றார். கோலமாவு டப்பா குழாயடிப் பிறையில் நிறைய இருந்தது. பல் விளக்கும்போது பார்த்தேன்.

சாயங்காலம் சித்தப்பா தலையில் துண்டு கட்டிக்கொண்டு வந்தார். துண்டை எடுத்தால் மொட்டை. மீசையும் இல்லை. "திருத்தணிக்கு ஒரு வேண்டுதல்மா, திடீர்னு கிளம்பிட்டேன்" என்றார். எங்கள் குடும்பத்தில் எத்தனை திருத்தணி மொட்டை பார்த்திருக்கிறேன். தலை முழுக்கச் சந்தனம் அப்பியிருக்கும், வீடே மணக்கும். சித்தப்பா தலை வெறும் தலையாக இருந்தது. காதுக்குப் பின்னால் கத்தி பட்ட இடத்தில் பொட்டாக ரத்தம் காய்ந்திருந்தது. எங்கள் வீட்டில் ஆண் பிள்ளை கிடையாது. கொள்ளி வைக்க வேறு யார்?

நான் என்ன கேட்டேன் தெரியுமா? "பஞ்சாமிர்தம் வாங்கிட்டு வரலையா சித்தப்பா?" அவர் "கடை மூடிட்டாங்கம்மா" என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிப் பக்கம் போய்விட்டார். ரொம்ப நேரம் தண்ணீர் இறைக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் அறிவியல், வரலாறு இரண்டும் எழுதினேன். அறிவியலில் 71. கடைசிப் பரீட்சை முடிந்ததும் வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சொன்னார்கள். அப்போதுதான் கேட்பது போல அழுதேன். அழுகை நிஜம்தான், 'அப்போதுதான்' மட்டும் பொய்.

அம்மா 2009-ல் போகும் வரைக்கும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்: "பரீட்சை முடியற வரைக்கும் அவளுக்குத் தெரியாமலே பார்த்துக்கிட்டோம்." சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை இருக்கும். நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டுவேன்.

உன் வீட்டார் செய்தது சரி என்று சொல்ல மாட்டேன். மார்க் போனால் அடுத்த தேர்வில் வாங்கலாம், முகம் பார்ப்பதற்கு அடுத்த தேர்வு கிடையாது. அதை உன் அம்மாவிடம் நீ சொல்லலாம், கத்தியே சொல்லலாம். அதற்கு அவர் உயிரோடு இருக்கிறார். இரண்டாவது விஷயத்தையும் சொல். வாயில் வரவில்லை என்றால் எனக்கு எழுதிய கடிதத்தையே காட்டு. நகல் எடுத்து இத்தோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். தூக்கம் வராமல், சாப்பாடு இறங்காமல் நாள் ஓடினால் 14416-க்குப் போன் செய். டெலிமானஸ் என்ற மனநல உதவி எண், அரசாங்கத்துடையது, காசு கிடையாது, தமிழில் பேசுவார்கள்.

முப்பதாம் நாள் படையல் இன்னும் ஆகவில்லை என்றால், அன்றைக்கு ஆயாவுக்குப் பிடித்தது ஒன்றை உன் கையால் செய்து இலையில் வை. ஆயாவுக்கு என்ன பிடிக்கும் என்று நீ எழுதவில்லையே. அடுத்த கடிதத்தில் எழுது.