கட்டிலுக்கடியில் பதுங்கும் கருப்பி

கேள்வி: மதுரை திருநகரில் இருக்கிறோம். தெருவில் அடிபட்டுக் கிடந்த ஒன்றரை வயது நாயைத் தத்தெடுத்து, கருப்பி என்று கூப்பிட ஆரம்பித்து இருபது நாள் ஆகிறது. கட்டிலுக்கடியை விட்டு வர மாட்டேன் என்கிறது, கழுத்துப்பட்டையைப் பார்த்தாலே மூத்திரம் போய்விடுகிறது. அமெரிக்காவில் ஜெயில் கைதிகள் இப்படிப்பட்ட நாய்களைப் பழக்கித் தத்துக் கொடுக்கிறார்களாமே, அவர்களுக்கு மட்டும் எப்படி முடிகிறது?

பதில்: அவர்களுக்கு வித்தை ஒன்றும் கூடுதலாகத் தெரியாதுங்க, நேரம் இருக்கிறது. இந்தத் திட்டம் 1981-இல் வாஷிங்டன் மாநிலத்து கிக் ஹார்பர் பெண்கள் சிறையில், சிஸ்டர் பாலின் க்வின் என்ற கன்னியாஸ்திரியும் லியோ பூஸ்டாட் என்ற கால்நடை மருத்துவரும் சேர்ந்து தொடங்கி வைத்தது. இப்போது அங்கே பல மாநிலங்களில் நடக்கிறது. காப்பகத்தில் கிடக்கும் நாயை, கடிக்கிற குணம் உண்டா என்று பார்த்துவிட்டு, ஓரிரு கைதிகள் பொறுப்பில் விடுவார்கள். பயிற்சியாளர் அவ்வப்போது வந்து சொல்லிக் கொடுத்துவிட்டுப் போவார். மற்றபடி நாய்க்கு ராத்திரி பகல் எல்லாம் அதே முகம், பல இடங்களில் படுக்கையும் அதே செல்லில்தான். சோறு, நடை, விளக்கணைப்பது எல்லாம் மணியடித்தபடி. அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்துவிட்டாலே பயந்த நாய்க்குப் பாதி நடுக்கம் போய்விடும்.

நம் வீட்டில் என்ன நடக்கிறது? காலையில் நீங்கள், மத்தியானம் மாமியார், சாயங்காலம் ட்யூஷன் முடிந்து வரும் பையன், போதாததுக்கு "புது நாயாமே" என்று எட்டிப் பார்க்கும் பக்கத்து வீட்டுக்காரர். ஒருத்தர் பிஸ்கட் காட்டுவார், இன்னொருத்தர் காலைப் பிடித்து இழுப்பார். அது எப்படிங்க வெளியே வரும்?

ஆகவே மூன்று வாரத்துக்கு சோறும் பயிற்சியும் வீட்டில் ஒரே ஆள் பொறுப்பு. அப்புறம் பட்டை. அதைக் கையில் எடுக்கவே வேண்டாம், சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் சும்மா கிடக்கட்டும். தட்டுக்குத் தயங்காமல் வருகிறதா, சரி, பட்டை மேலேயே பொட்டுக்கடலை அளவு வேகவைத்த ஈரலை வையுங்கள். அதன் பிறகு நீங்கள் பக்கவாட்டில் தரையில் உட்கார்ந்து, முகத்துக்கு நேராகப் பார்க்காமல், பட்டையை வளையமாகப் பிடித்து ஈரலை அந்தப் பக்கம் நீட்டினால் தலையை அதுவாக நுழைக்கும். நுழைத்த உடனே மாட்டிவிடாதீர்கள், தின்றுவிட்டுப் போகட்டும். நாலைந்து நாள் இப்படிப் போன பிறகு மாட்டினால் போதும். மூத்திரம் போவது திமிரில்லை, "என்னை ஒன்றும் செய்யாதே" என்று அது கெஞ்சுகிற விதம். திட்டினால் அதிகமாகத்தான் ஆகும். பேசாமல் துடைத்துவிடுங்கள், குனிந்து மேலே கவிய வேண்டாம்.

சில சிறைகளில் தினமும் ஒரு நோட்டில் எழுதிவைத்து, தத்தெடுக்கிறவர் கையில் கொடுத்துவிடுவார்கள். நீங்களும் எழுதுங்கள்: குக்கர் விசிலுக்கு ஓடியதா, இன்றைக்கு எத்தனை அடி வெளியே வந்தது. பத்தாம் நாள் புரட்டிப் பார்த்தால், ஒன்றுமே மாறவில்லை என்று நினைத்தது தப்பென்று தெரியும்.

வெறிநாய்த் தடுப்பூசி போடாமல் இருந்தால் இந்த வாரமே போட்டுவிடுங்கள். பட்டை பழகும்வரை வாசல் கேட்டைத் திறந்து போடாதீர்கள்; வேட்டுச் சத்தத்தில் மிரண்டு ஓடினால், திருநகர் முழுக்க, ஒன்றாவது பஸ் ஸ்டாப்பிலிருந்து எட்டாவது ஸ்டாப் வரை நீங்கள்தான் தேட வேண்டியிருக்கும்.