ஆண்ட்ரூஸ் தம்பதி ஓவியம்: மடியில் பழுப்புத் திட்டு

நீங்கள் வாங்கிய ஆண்ட்ரூஸ் தம்பதி ஓவியப் பிரதியில் திருமதி ஆண்ட்ரூஸின் மடியில், வெளிர்நீலப் பாவாடை மேல் தெரியும் பழுப்புத் திட்டு அச்சுக் கோளாறா என்று கேட்டிருந்தீர்கள்; இல்லை. கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். ஆங்கிலேய ஓவியர் கெய்ன்ஸ்பரோ 1750 வாக்கில் தீட்டிய மூலத்திலேயே அந்த இடம் முடிக்கப்படாமல்தான் கிடக்கிறது.

கணவர் கையில் துப்பாக்கி, பக்கத்தில் வேட்டை நாய். அவர் சுட்ட பறவையை மனைவி மடியில் வரைய ஓவியர் இடம் விட்டிருப்பார் என்பதுதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

லண்டன் நேஷனல் கேலரி தளத்தில் படத்தைப் பெரிதாக்கி மடியைப் பாருங்கள், அதே திட்டு இருக்கும். உங்கள் பிரதியில் வானத்திலோ வயலிலோ கறை இருந்தால் மட்டும் திருப்பிக் கொடுங்கள்.

அப்புறம், பறவை என்பது ஊகம்தான். பிறக்கப்போகும் குழந்தைக்காக விட்ட இடம் என்பாரும் உண்டு.