தேங்காய்க்குப் பொருந்திய தொப்பி

கேள்வி: பத்து வருடமாகக் குரோஷேயில் குழந்தைச் சட்டை பின்னி விற்கிறேன். "சட்டையை விடு, அதன் பட்டர்னை, அதாவது பின்னும் செய்முறையை, எழுதி ஒன்லைனில் போடு" என்கிறாள் ரொறன்ரோவில் இருக்கும் பெரியம்மாவின் மகள். அதை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? எனக்கு ஆங்கிலமும் அவ்வளவாக வராது.
- வாசகி, கிளிநொச்சி

பதில்: வாங்குகிறார்கள், தங்கச்சி. 2007இல் தொடங்கிய ராவெல்ரி போன்ற பின்னல்காரர்களுக்கான தளங்களில் பட்டர்ன்கள் பிடிஎஃப் கோப்பாகவே விலைபோகின்றன. ஒருமுறை எழுதினால் போதும். முறிகண்டியில் கச்சான் விற்பதுபோல் ஒவ்வொருவருக்கும் அளந்து கட்டிக் கொடுக்கத் தேவையில்லை.

ஆனால் உங்கள் விரலுக்குத் தெரிந்ததெல்லாம் எழுத்தில் வரவேண்டும், அங்கேதான் சிக்கல். தோழி ஒருத்தி போனில் சொல்லச் சொல்ல நானும் ஒரு குழந்தைத் தொப்பி பின்னினேன். கடைசியில் அது தேங்காய்க்குத்தான் பொருந்தியது. அவள் பின்னும் இறுக்கம் வேறு, என்னுடையது வேறு. அதனால்தான் பட்டர்னில் பத்துக்குப் பத்து சென்ரிமீற்றர் சதுரத்தில் எத்தனை கண், எத்தனை வரி என்று முதலிலேயே எழுதுவார்கள். ஊசியின் அளவை மில்லிமீற்றரில் கொடுங்கள். நூலை "இரண்டு உருண்டை" என்று எழுதாதீர்கள், எந்தக் கடை உருண்டை என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? மீற்றரில் சொல்லுங்கள்.

பின்னல் வகைகளின் பெயரிலும் ஒரு பொறி இருக்கிறது. அமெரிக்கர்கள் சிங்கிள் குரோஷே என்பதைத்தான் பிரித்தானியர்கள் டபிள் குரோஷே என்கிறார்கள். அமெரிக்க டபிள் அவர்களுக்கு ட்ரெபிள். எந்த முறையில் எழுதியிருக்கிறீர்கள் என்று முதல் பக்கத்திலேயே போடாவிட்டால், வாங்கியவரின் சட்டை முழங்கால் வரை நீளும், திட்டு உங்களுக்கு வரும்.

ஆங்கிலத்துக்குப் பயப்பட வேண்டாம். சங்கிலிப் பின்னலுக்கு முட்டை வடிவம், அமெரிக்க டபிளுக்குக் குறுக்குக் கோடு போட்ட T என்று குறியீட்டுப் படம் வரைந்தால் மொழி தெரியாதவரும் பின்னுவார். ஜப்பானியப் பின்னல் புத்தகங்களை அப்படித்தான் உலகமெல்லாம் படிக்கிறது. சொற்களை ரொறன்ரோக்காரி பார்த்துக்கொள்ளட்டும்.

காசு விஷயத்திலும் அவள் தேவைப்படுவாள். இலங்கைக் கணக்கால் பேபாலில் காசு கட்டலாம், பெற முடியாது என்பதுதான் பல வருட நிலைமை. கணக்கு அவள் பெயரில் என்றால் வரியும் அவள் தலையில்தான். சொந்தம் என்று வாய்ப்பேச்சில் விடாமல் பங்கை எழுதி வையுங்கள். எட்சி என்ற ஒன்லைன் கைவினைச் சந்தையில் அவள் கடை திறந்தால், 5 டொலர் பட்டர்னில் பட்டியல் கட்டணமும் விற்பனைக் கழிவுமாக அரை டொலர் போய்விடும், காசு கைமாறும் கட்டணம் தனி.

பழைய சஞ்சிகையில் பார்த்த சட்டையின் நிறத்தை மட்டும் மாற்றி எழுதுவது வேண்டவே வேண்டாம். உங்கள் சொந்த எழுத்துக்கும் படத்துக்கும் 2003ஆம் ஆண்டின் புலமைச் சொத்துச் சட்டத்தில் பதிவு இல்லாமலே உரிமை உண்டு.

முதல் பட்டர்ன் சட்டையாக இருக்க வேண்டாம், அளவுக் கணக்கு தலையைத் தின்னும். தொப்பி போதும். எழுதி முடித்ததும், உங்கள் பின்னலைப் பார்த்தேயிராத இரண்டு பேரிடம் தாளை மட்டும் கொடுத்துப் பின்னச் சொல்லுங்கள். அவர்கள் போன் எடுத்து எதைக் கேட்கிறார்களோ, அந்த வரியைத் திருத்துங்கள். அதுவரை சட்டை வியாபாரத்தை விடாதீர்கள்.