ஐம்பது சில்லு எதற்காக வைத்தார்?

பெருந்துறை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “இலவசச் சில்லுகளில் ஆடும் இணையப் போக்கரில் என் கையில் ஏஸும் கிங்கும் இருந்தன. முதல் மூன்று பொதுச் சீட்டுகளில் ஓர் ஏஸ், இரண்டு ஹார்ட்டின். பாட்டில் (நடுவில் சேர்ந்த பந்தயத் தொகையில்) 600 சில்லு. எதிராளி என்னை முந்திக்கொண்டு 50 வைத்தார். நான்காம் சீட்டிலும் 50. இரண்டுக்கும் கால் செய்தேன், அதாவது அதே தொகையைப் போட்டேன். கடைசியாக மூன்றாவது ஹார்ட்டின் விழுந்ததும் 1600 வைத்தார். பிளஃப் (கையில் ஒன்றுமில்லாத மிரட்டல்) என்று நம்பிக் கால் செய்து, ஃபிளஷ்ஷிடம் (ஒரே இனத்தில் ஐந்து சீட்டு) தோற்றேன். எங்கே தவறினேன்?”

தவறு கடைசியில் மட்டும் நடக்கவில்லை. அந்த முதல் 50-லேயே தொடங்கிவிட்டது. நம் பக்கத்து மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்துப் பேசுகிறவர், நீங்கள் விலை சொல்லுமுன் தானே ஒரு சிறு தொகையைச் சொன்னால், அந்த விலைக்குக் கிடைத்தால் போதும் என்று பார்க்கிறார் என்றுதானே பொருள்? எதிராளியும் அடுத்த சீட்டைப் பார்க்கும் விலையைத் தானே 50 என்று வைத்துக்கொண்டார். அவர் காணாத 47 சீட்டுகளில், அவர் கையிலும் மேசையிலும் உள்ள நான்கு போக, அவருக்கு உதவும் ஹார்ட்டின் 9, அதாவது ஏறத்தாழ 19 சதவீதம். நீங்கள் பந்தயத்தை 400-ஆக உயர்த்தி ரெய்ஸ் செய்திருந்தால், 1050 உள்ள பாட்டுக்கு அவர் மேலும் 350 போட வேண்டியிருக்கும்; அதற்கு 25 சதவீத வாய்ப்பாவது தேவை. அவரிடம் அது இல்லை. நீங்களோ இரண்டு முறையும் அவர் கேட்ட விலைக்கே சீட்டைக் காட்டினீர்கள்.

கடைசிப் பந்தயத்துக்கு வருவோம். 800 உள்ள பாட்டில் 1600 வைத்தால், 4000-ஐ வெல்ல நீங்கள் போடுவது 1600. ஐந்தில் இரண்டு முறையாவது நீங்கள் வென்றாக வேண்டும். இலவச மேசைகளில் முதல் ஆட்டத்திலேயே எல்லாச் சில்லையும் தள்ளுகிறவர்கள் விளையாட்டுக்குச் செய்கிறார்கள், அவர்களை நம்ப வேண்டியதில்லை. ஆனால் இரண்டு சுற்று 50, 50 என்று ஒதுங்கியிருந்தவர், மூன்றாவது ஹார்ட்டின் விழுந்த அதே நொடியில் பாட்டைப் போல இரு மடங்கு வைத்தால், அவரிடம் ஃபிளஷ் இருப்பதாகவே எடுத்துக்கொண்டு சீட்டைக் கவிழ்த்துவிடுங்கள். ஒற்றை ஏஸ் ஜோடியை வைத்துக்கொண்டு ஐந்தில் இரண்டு முறை அங்கே வெல்ல முடியாது.

விதிவிலக்கும் உண்டு. சிலர் எந்தக் கை வந்தாலும் 50-தான் வைப்பார்கள். ஆகவே அவர் சீட்டைக் காட்டும் ஒவ்வொரு முறையும், எந்தக் கைக்கு எவ்வளவு வைத்தார் என்று ஒரு தாளில் குறித்துவாருங்கள். நீங்கள் ஆடாத கைகளிலும் குறியுங்கள்.

பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் நிறைவேறிய மத்தியச் சட்டம் தடை செய்திருக்கிறது. இந்தக் கணக்கை இலவச மேசையிலேயே பழகுங்கள்.