ஷிப்ட் பஸ்ஸில் கேட்பதற்கு

அன்புள்ள ஐயா,

பாலக்கோட்டிலிருந்து ஓசூருக்குக் கம்பெனி பஸ்ஸில் தினமும் போய்வருகிறேன். ராயக்கோட்டை வருவதற்குள் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். எனக்குத் தூக்கம் வராது. பாட்காஸ்ட் கேட்கலாம் என்று தேடினால், திரும்பிய பக்கமெல்லாம் யாராவது ஒருவர் வெற்றியின் ரகசியம் சொல்லிக்கொண்டிருக்கிறார். கேட்கத் தகுந்த பேட்டிகளைச் சொல்லுங்களேன். நிதானமாகப் பேசினால் ஆங்கிலமும் புரியும்.

– ஒரு வாசகர், பாலக்கோடு

அன்புள்ள நண்பருக்கு,

வெற்றியின் ரகசியம் தெரிந்தவன் மைக் முன்னால் உட்கார்ந்து அதை ஏன் சொல்லப்போகிறான்? நான் பேட்டிகளைத் தேர்ந்தெடுப்பது வந்திருப்பவரின் பெயரை வைத்து அல்ல, கேள்வி கேட்பவரை வைத்துத்தான். அவருக்குப் பதில் உண்மையிலேயே வேண்டுமா, வேண்டாமா என்பது இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

முதலில் நம் தருமபுரி வானொலி, 102.5 பண்பலை. அதில் விவசாயிகளின் பேட்டிகளை விட்டுவிடாதீர்கள். ஒருமுறை சாமை பயிரிடும் பெரியவர் ஒருவர் பேசினார். பேட்டி எடுத்தவர் சிறுதானியத்தின் பெருமையைப் பேசவே இல்லை. ஏக்கருக்கு எத்தனை கிலோ விதை, களை எடுக்க ஆள் கிடைக்கிறதா, உமி நீக்க எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே போனார். கடைசிக் கேள்விக்குப் பெரியவர் சற்றுத் தயங்கினார். வீட்டில் இடிக்க ஆள் இல்லை, அப்படியே விற்றுவிட்டு ரேஷன் அரிசி சாப்பிடுகிறோம் என்றார். பேட்டியாளர் உச்சுக்கொட்டவில்லை, என்ன விலைக்குப் போனது என்று கேட்டார். ஒரு கட்டுரைக்கான விஷயம் அரை நிமிடத்தில் வந்துவிட்டது.

இதே குணம் உள்ளவர் அமெரிக்காவின் ஸ்டட்ஸ் டெர்க்கல். சிகாகோவின் டபிள்யூ.எஃப்.எம்.டி. வானொலியில் 1952 முதல் 1997 வரை பேட்டி எடுத்தவர். 1963-இல் பாடகர் பாப் டிலனோடு பேசியதும் உண்டு, பெயர் தெரியாத தொழிலாளிகளோடு பேசியதும் உண்டு. டேப் ரிக்கார்டரை ஒழுங்காக இயக்கத் தெரியாது என்று தன்னையே கேலி செய்துகொள்வார். ஏழைகள் குடியிருப்பில் ஒரு தாயைப் பேட்டி எடுத்தாராம். அம்மாவின் குரலைப் போட்டுக் காட்டச் சொல்லிக் குழந்தைகள் அடம்பிடிக்க, டேப்பை ஓடவிட்டிருக்கிறார். தன் குரலைக் கேட்ட அந்தப் பெண், எனக்குள் இப்படியெல்லாம் இருந்தது எனக்கே தெரியாதே என்று வியந்துபோனாராம். பல ஒலிப்பதிவுகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. டிலனை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், தொழிலாளிகளிலிருந்து தொடங்குங்கள்.

பி.பி.சி.யின் 'டெசர்ட் ஐலண்ட் டிஸ்க்ஸ்' 1942-இல் தொடங்கியது. ஆளில்லாத தீவுக்குப் போவதாக வைத்துக்கொண்டு எட்டு இசைத்தட்டுகளைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி, ஏன் இந்தப் பாட்டு என்று வந்தவரைக் கிளறுவார்கள். உச்சரிப்பு தெளிவாக இருக்கும். நம் நாட்டு எழுத்தாளர் அமித் வர்மாவின் ஆங்கில பாட்காஸ்ட் 'தி சீன் அண்ட் தி அன்சீன்' உரையாடல்கள் சில எட்டு மணி நேரம்கூட ஓடும். ஒன்றை எடுத்தால் வாரம் முழுவதும் பஸ்ஸுக்கு ஆகும். தமிழில், ஆஸ்திரேலியாவின் எஸ்.பி.எஸ். தமிழ் ஒலிபரப்பு. பிரபலங்களின் பேட்டிகளைத் தாண்டி, அங்கே குடியேறியவர்கள் பேசுவதைக் கேளுங்கள்.

எதையும் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிடாதீர்கள். தயக்கம் எல்லாம் அடிபட்டுப்போகும். இரவே வீட்டில் தரவிறக்கி வைத்துவிடுங்கள், வழியில் சிக்னலை நம்பமுடியாது. பண்பலைக்கு மட்டும் வயர் உள்ள பழைய இயர்போன் வேண்டும், அந்த வயர்தான் ஆன்டெனா. போனில் எஃப்.எம். இல்லையென்றால் பிரசார் பாரதியின் 'நியூஸ் ஆன் ஏர்' செயலி இருக்கிறது.