மகள் தோல் வைத்தியராக வேண்டும், வயலை ஈடு வைக்கலாமா?

கேள்வி: நாங்கள் ஒட்டுசுட்டான் பக்கம். முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் நாலு ஏக்கர் வயல் இருக்கிறது, அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் தந்த காணி. வங்கியில் 9 இலட்சம் நிலையான வைப்பு, என்னிடம் 12 பவுண் நகை. கனடாவில் இருக்கும் தம்பி மாதம் 30,000 அனுப்புகிறான். மகள் ஓ.எல். நன்றாகச் செய்திருக்கிறாள், பயோ எடுக்கப் போகிறாள். சின்னவனுக்குத் தோலில் படை வந்து, கடையில் வாங்கிய கிறீமைப் பூசிப் பூசி முதுகெல்லாம் பரவி, யாழ்ப்பாணம் கிளினிக்கில் காட்டித்தான் மாறியது. அன்றிலிருந்து தோல் வைத்தியராக வேண்டும் என்கிறாள். ஏ.எல். முடிந்ததும் வெளிநாட்டில் 85 இலட்சத்தில் டொக்டராக்கலாம், இல்லாவிட்டால் 6 இலட்சத்தில் இரண்டு வருட ஸ்கின் டிப்ளோமா செய்யலாம் என்று வவுனியாவில் ஓர் ஏஜென்சிக்காரர் சொல்கிறார். இடம் பிடிக்க இப்போதே 50,000 கட்ட வேண்டுமாம். வயலை ஈடு வைக்கலாமா?
ஒரு தாய், முல்லைத்தீவு மாவட்டம்

பதில்: அக்கா, அந்த 50,000 ரூபாவைக் கட்டாதீர்கள். வயலையும் தொடாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் டிப்ளோமா. அழகுக்கலை நிலையத்தில் வேலை பார்க்க அது உதவலாம். ஆனால் உங்கள் மகனின் முதுகைப் பார்த்து மருந்து எழுதிய வைத்தியர் அந்த வழியால் வந்தவர் அல்ல. தோல் வைத்திய நிபுணராக முதலில் எம்.பி.பி.எஸ். வேண்டும், அது ஐந்து வருடம். பிறகு ஒரு வருடம் உள்ளகப் பயிற்சி, இலங்கை மருத்துவ சபையின் முழுப் பதிவு. அப்புறம் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தில் தெரிவுப் பரீட்சை, பயிற்சி, எம்.டி. பரீட்சை, அதற்கும் பிறகு இன்னும் பயிற்சி. இடையிடையே காத்திருக்கும் காலம் வேறு. மகள் நிபுணராகும்போது முப்பதைத் தாண்டி நல்ல நாளாகியிருக்கும். இதை இன்றைக்கே அவளோடு இருந்து பேசுங்கள். தெரிந்துகொண்டு கேட்கும் ஆசைதான் தாங்கும்.

ஆனால் இவ்வளவு காலத்துக்கும் நீங்கள் செலவழிக்கப்போவதில்லை. அரச பல்கலைக்கழகத்தில் படிப்புக் கட்டணம் இல்லை. யாழ்ப்பாண மருத்துவபீடமோ மட்டக்களப்போ கிடைத்தால் தங்குமிடம், சாப்பாடு, புத்தகம், பஸ் காசு இவைதான் செலவு. குடும்ப வருமானத்தைப் பார்த்து மகாபொல புலமைப்பரிசிலோ பர்சரி உதவித்தொகையோ கிடைக்கும், விண்ணப்பத்தைத் தவறவிடக் கூடாது. உள்ளகப் பயிற்சி தொடங்கிய மாதமே அவளுக்குச் சம்பளம். நிபுணத்துவப் பயிற்சிக் காலத்திலும் அரச வைத்தியராகச் சம்பளம் எடுத்துக்கொண்டுதான் படிப்பாள். ஆக, உங்கள் கைக்காசு தேவைப்படுவது இப்போதிருந்து ஏழெட்டு வருடங்களுக்கு. அதிலும் மிக முக்கியமானது வரப்போகும் உயர்தர வருடங்கள்.

பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்குக் கூடுதலாக. முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார், வவுனியா நான்கும் அந்தப் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் இருக்கின்றன. நல்ல ரியூசனுக்காக மகளை யாழ்ப்பாணப் பாடசாலைக்கு மாற்றலாம் என்று யாராவது சொல்வார்கள். பரீட்சைக்கு முந்திய வருடங்களில் எந்த மாவட்டப் பாடசாலையில் படித்தாள் என்பதை வைத்துத்தான் அவளுடைய மாவட்டம் தீர்மானிக்கப்படும். வெட்டுப்புள்ளியே மாறிப்போகும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலைப் பார்க்காமல் பாடசாலையை மாற்ற வேண்டாம். வார இறுதியில் பஸ் ஏறி வகுப்புக்குப் போய்வரட்டும், அந்தச் செலவு எவ்வளவோ மேல்.

ரியூசன் காசு மாதாமாதம் போகும், வயல் காசு போகத்துக்குப் போகம்தான் வரும். பலர் சறுக்குவது இங்கேதான். தம்பி அனுப்பும் 30,000 ரூபாவை மகளின் படிப்புக்கென்று தனிக் கணக்கில் போடுங்கள். காலபோக நெல்லை விற்ற கையோடு, உரக்கடைக் கடனை அடைக்கப் போவதற்கு முன், ஒரு தொகையை அதே கணக்குக்கு அனுப்பிவிடுங்கள். ஒன்பது இலட்சத்தை முதிர்வில் மூன்றாகப் பிரித்து, வருடத்துக்கு ஒன்று முதிரும்படி வையுங்கள். அவசரம் வந்தால் ஒன்றை உடைத்தால் போதும். வங்கியிலும் உரிமம் பெற்ற நிதி நிறுவனங்களிலும் ஓரிடத்தில் ஒருவருக்கு 11 இலட்சம் வரைதான் வைப்புக் காப்புறுதி. அதிக வட்டி என்று யாரோ சொல்லும் இடத்துக்கு இந்தக் காசு போகவே கூடாது. இப்போது வட்டியில் 10 வீதம் வரி கழிக்கிறார்கள். உங்கள் ஆண்டு வருமானம் 18 இலட்சத்துக்குள் என்றால் வங்கியில் சுயபிரகடனம் கொடுத்தால் கழிக்க மாட்டார்கள். நகை பெட்டியிலேயே இருக்கட்டும்.

வெளிநாட்டுக் கதைக்கு வருவோம். 85 இலட்சம் என்று ரூபாயில் சொன்னாலும் கட்டப்போவது டொலரில். 2022 மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் ஓரிரு மாதங்களில் 360 ஆனது. அந்த நேரம் பிள்ளையை வெளிநாட்டில் படிக்க விட்டிருந்த ஒரு தகப்பன் என் மேசைக்கு முன்னால் வந்து இருந்தார். கையில் ஒரு ஷொப்பிங் பை, அதற்குள் நாலு அடகுச் சீட்டு. மூன்றாம் வருடக் கட்டணம் பாதிதான் கட்டியிருந்தார். அந்த முகம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

அப்படியே படித்து வந்தாலும் மருத்துவ சபை அங்கீகரித்த பல்கலைக்கழகமாக இருக்க வேண்டும், உயர்தரத்தில் பயோ, கெமிஸ்ரி, பிசிக்ஸ் மூன்றிலும் குறைந்தது இரண்டு சி, ஒரு எஸ் வேண்டும், இங்கே பதிவுக்கான பரீட்சையையும் எழுதி முடிக்க வேண்டும். மகள் இன்னும் ஏ.எல். எழுதவே இல்லை. எந்த இடத்தைப் பிடிக்க இப்போது காசு கேட்கிறார்கள்?

அனுமதிப்பத்திரக் காணியைப் பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் கைமாற்ற முடியாது. ஈட்டுக்கென்று யாருக்காவது எழுதிக் கொடுத்தால் அது சட்டப்படி செல்லாது, பத்திரமே ரத்தாகலாம். படித்து முடிக்கும் வரை சோறு போடப்போவது அந்த நாலு ஏக்கர்தான் அக்கா.

உயர்தரத்துக்கு மூன்று தடவை தோற்றலாம். முதல் தடவை மருத்துவம் தவறினால் உடனே ஏஜென்சிக்குப் போகாமல் இரண்டாம் தடவைக்குக் காசு ஒதுக்குங்கள். அதனால்தான் வைப்பை மூன்றாகப் பிரிக்கச் சொன்னேன். அப்போதும் சரிவரவில்லை என்றால் யாழ்ப்பாணத்திலேயே தாதியியல், மருந்தகவியல், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் எல்லாம் பட்டமாகப் படிக்கலாம்.

ஏஜென்சிக்கு ஏற்கெனவே ஏதாவது கொடுத்திருந்தால், ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு எழுத்தில் திருப்பிக் கேளுங்கள். ரசீது தரவில்லை என்றால் அதையும் எனக்கு எழுதுங்கள்.