மாநகராட்சி மளிகைக் கடை நடத்தலாமா?

அன்புள்ள ஐயா,

நகரத்தின் ஐந்து பெரும் பிரிவுகளிலும் மாநகராட்சியே மளிகைக் கடை திறக்கும் என்று வாக்களித்த சோரான் மம்தானி, 2025 நவம்பரில் நியூயார்க் மேயர் தேர்தலில் வென்றார். ஓசூர் சிப்காட்டை ஒட்டிய எங்கள் புதுக் குடியிருப்பில் இருப்பது ஒரே கடை, விலையும் அதிகம். நம் மாநகராட்சியும் இப்படி ஒரு கடை திறந்தால் என்ன?

ஒரு வாசகர், ஓசூர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் பகுதிக்கு இன்னொரு கடை வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. அதை மாநகராட்சி நடத்த வேண்டும் என்பதில்தான் தயக்கம். மளிகை வணிகத்தின் சூட்சுமம் விற்பதில் இல்லை, வாங்குவதில் இருக்கிறது. மொத்தமாக வாங்குகிறவருக்குக் கிடைக்கும் விலை ஒற்றைக் கடைக்குக் கிடைப்பதில்லை. புளோரிடாவின் பால்ட்வின் என்ற சிற்றூர், இருந்த ஒரே பெரிய மளிகைக் கடை மூடப்பட்டதால் 2019-இல் தானே கடை திறந்தது. தாக்குப்பிடிக்க முடியாமல் 2024-இல் மூடிவிட்டது. கான்சாஸ் சிட்டியில் மாநகராட்சிக்குச் சொந்தமான வளாகத்தில், அதன் பண உதவியுடன் நடந்த கடையும் 2025 ஆகஸ்டில் மூடப்பட்டது.

நம் ரேஷன் கடை நிலைத்து நிற்பதன் காரணம் இங்கேதான் விளங்குகிறது. நுகர்பொருள் வாணிபக் கழகம் மாநிலம் முழுமைக்கும் சேர்த்துக் கொள்முதல் செய்கிறது. பெரும்பாலான கடைகளைக் கூட்டுறவுச் சங்கங்கள் நடத்துகின்றன. விற்கும் பொருள்கள் மிகச் சில. துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைப்பதால் வரும் இழப்பை அரசு மானியமாக வெளிப்படையாக ஏற்கிறது. அதனால் ரேஷன் கடைக்கு லாபம் எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. அதன் குறை மெத்தனம். களி தின்னும் எங்கள் தருமபுரி மாவட்டத்து ரேஷனில் அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு தருவதற்கே 2023 ஆகிவிட்டது.

தனியார் கடைக்காரர் செய்யும் ஒரு காரியத்தை அரசுக் கடையால் செய்யவே முடியாது. சம்பளம் வரும்வரை அவர் கணக்கு நோட்டில் எழுதிக்கொண்டு பொருள் கொடுக்கிறார். ஐம்பது கிராம் கடுகும் ஒற்றை ஷாம்பு பாக்கெட்டும் தருகிறார். நீங்கள் சொல்லும் அதிக விலையில் அந்தக் கடனுக்கான வட்டியும் அடங்கியிருக்கிறது என்பது என் ஊகம். மாநகராட்சி ஊழியர் கடன் கொடுத்தால் மறு வருடமே தணிக்கையில் மாட்டுவார். கொடுக்காவிட்டால், மாதக் கடைசியில் வாடிக்கையாளர்கள் பழைய கடைக்கே திரும்பிவிடுவார்கள்.

ஆகவே 1999-இல் தொடங்கிய உழவர் சந்தையின் ஏற்பாடே எனக்குச் சரியாகப் படுகிறது. அங்கே அரசு இடமும் தராசும் தருகிறது, விற்பவர் விவசாயி. அதைப் போல மாநகராட்சி உங்கள் பகுதியில் குறைந்த வாடகைக்கு ஒரு கட்டடம் தரட்டும். மொத்தக் கொள்முதல் அனுபவம் உள்ள கூட்டுறவுப் பண்டகசாலை அதில் கடை நடத்தட்டும். இழப்பு வந்தால் எவ்வளவு வரை ஏற்பது என்பதை மாமன்றம் முன்கூட்டியே தீர்மானமாக எழுதிவைக்கட்டும்.

அந்தக் கடைக்குக் குடும்ப அட்டை கேட்கக் கூடாது. ஓசூர் ஆலைகளில் வேலை செய்யும் வடமாநிலத்தவர், ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ திட்டத்தில் இங்கே அரிசியும் கோதுமையும் வாங்கலாம். மாநில அரசின் மலிவு விலைப் பருப்பும் பாமாயிலும் அதில் சேராது. ஷிப்டு முடிந்து வருகிறவர்களுக்காக இரவு ஒன்பது மணி வரையாவது கடை திறந்திருக்க வேண்டும். வார்டு உறுப்பினரிடம் மனு கொடுப்பதானால் இந்த இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள்.